விரதமும் வேஷமும்

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.18க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி என்ற புது ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. பிஎஸ்எல்வி பக்கத்தில் நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். மூன்று கட்டங்களும் சரியாகவே எரிந்தன. ஆனாலும் கொண்டுபோன இரண்டு செயற்கைக்கோள்களையும் தப்பான பாதையில் விட்டுவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியவை. ஒரு முனையில் 356, மறுமுனையில் 76 கிலோமீட்டர் என்று நீள்வட்டத்தில் போய் மாட்டிக்கொண்டன. 76 கிலோமீட்டரில் காற்று உண்டு. காற்று இருக்கும் இடத்தில் செயற்கைக்கோள் நிலைக்காது. அந்த இரண்டில் ஒன்று ஆசாதிசாட். நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்தது.

என்ன நடந்தது என்று இஸ்ரோ பிறகு ஒரு குறிப்பு வெளியிட்டது. அதை நான் மூன்று தடவை படித்தேன். விண்வெளி ஆர்வத்தில் இல்லை, தொழில் பழக்கத்தில். இரண்டாம் கட்டம் பிரியும்போது ஒரு குலுக்கல். தரையில் சோதித்தபோது எதிர்பார்த்ததைவிடப் பலமான குலுக்கல். ராக்கெட்டின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்தக் கொஞ்ச நேரம் திக்குமுக்காடின. சென்சார் பழுதாகிவிட்டதா என்று கண்காணிக்க ஒரு மென்பொருள் தர்க்கம் இருக்கிறது. அது பார்த்துவிட்டு, ‘எல்லாமே பழுது’ என்று தீர்ப்பு சொன்னது. உடனே கணினி ஆபத்துக்கால வழிக்கு மாறியது. அந்த வழியில் போன ராக்கெட்டால் போதிய வேகத்தை எட்ட முடியவில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால் இதில் ‘பக்’ என்று கைகாட்ட ஒரு வரிகூட இல்லை. எழுதச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதியபடிதான் ஓடியிருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சென்சாரைச் செத்ததாக அறிவிக்கலாம் என்ற அனுமானம்தான் நிஜத்தோடு பொருந்தவில்லை.

இந்த ராக்கெட்டைப் பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை ஏன் என்றால், அதற்காகக் கட்டப்படும் தளம் குலசேகரன்பட்டினத்தில் வருகிறது. அம்மாவின் ஊர் உடன்குடி. அங்கிருந்து குலசை சைக்கிள் மிதிக்கும் தூரம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே ஏவினால் நடுவில் இலங்கை வரும். அதனால் ராக்கெட் கிழக்கே போய்ச் சுற்றி வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட்டுக்கு அந்த வளைவில் செலவாகும் எரிபொருள் தாங்கும். 500 கிலோ சுமக்கும் எஸ்எஸ்எல்விக்குத் தாங்காது. குலசையிலிருந்து நேர் தெற்கே விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான். 2,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்தார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே நாளில் ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்று அங்கிருந்து மேலே போனது.

அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு ராக்கெட்டைவிட அதிகமாக ஞாபகம் வந்தது ஓஎம்ஆரில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியும் அதன் ‘லெவல் ஃபைவ்’ விழாவும்தான். ஐடியில் இல்லாதவர்களுக்காக அது என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் சொன்ன தேதிக்கு வருவதில்லை, வந்தாலும் ஒழுங்காக ஓடுவதில்லை. யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. பிட்ஸ்பர்க் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் அதற்கு விடை தேடியவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐபிஎம்மில் பல வருடம் இருந்துவிட்டு 1986இல் அங்கே வந்தவர். ஒரு நிறுவனத்தின் முதிர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் எல்லாம் ஆள் பலம்; நல்ல ஆள் இருந்தால் வேலை நடக்கும், அவர் லீவு போட்டால் நடக்காது. இரண்டில், ஒருமுறை செய்ததை மறுபடியும் செய்ய முடியும். மூன்றில், செய்முறை எழுத்தில் இருக்கும். நான்கில், எண்களில் அளக்கப்படும். ஐந்தாம் படியில் நிறுவனம் தன் தவறுகளிலிருந்து தன்னைத்தானே திருத்திக்கொண்டே இருக்கும். சிஎம்எம் என்றும் பின்னால் சிஎம்எம்ஐ என்றும் பெயர் பெற்றது இதுதான்.

ஐந்து படி என்ற யோசனை ஹம்ஃப்ரிக்கும் முந்தையது. 1979இல் தரக் கட்டுப்பாடு பற்றி எழுதிய பிலிப் கிராஸ்பி வைத்த ஐந்து நிலைகளைத் தமிழில் சொன்னால்: ஐயம், விழிப்பு, தெளிவு, ஞானம், உறுதி. ஏதோ சித்தாந்த நூலின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது இல்லையா? தொழிற்சாலை மேலாளர்களுக்காக எழுதியது.

இந்த ஏணியை உலகத்திலேயே வெறியோடு ஏறியது நாம்தான். 1990களின் முதற்பாதியிலேயே பெங்களூரில் மோட்டரோலாவின் மென்பொருள் பிரிவு ஐந்தாம் படியைத் தொட்டது. 2000களின் தொடக்கத்தில் ஐந்தாம் நிலைச் சான்றிதழ்களில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்தது. சென்னையில் ஹம்ஃப்ரி பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் தொடங்கினார்கள். காரணம் எளிது. நியூ ஜெர்சியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு, சோழிங்கநல்லூரில் கோடு எழுதுகிறவன் யாரென்றே தெரியாது. முகம் தெரியாத இடத்தில் சான்றிதழ்தான் முகம்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஐடி ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது எனக்குச் செய்த நன்மையை மறைக்க மாட்டேன். கல்லூரி முடித்துச் சென்னை வந்தபோது ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. ரெவ்யூ மீட்டிங்கில் 12 வருட அனுபவசாலி எழுதிய கோடில் தப்பு இருந்தால், அதைச் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது கையிலிருந்த செக்லிஸ்ட்தான். ‘சார், அயிட்டம் நம்பர் ஒன்பது’ என்றால் போதும். வயசு, சாதி, காலேஜ் பெயர், ஆக்சென்ட் எல்லாம் அந்த நிமிஷத்துக்கு ஒதுங்கி நிற்கும். நல்ல செய்முறை எளியவனுக்குத் துணை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தக் கம்பெனியின் மதிப்பீடு 2015இல் நடந்தது. அந்த முறைக்கு அப்போது ‘ஸ்கேம்பி’ என்று பெயர். ஐரோப்பாவில் ஒரு வகை இறாலுக்கும் அதே பெயர்தான். தூத்துக்குடிக்காரனுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? எங்கள் அணி அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு பாலிசி மென்பொருள் பராமரித்தது. ஆயிரம் வரிக்கு எத்தனை பிழை என்று வாராவாரம் எண்ணி வரைபடத்தில் குறிக்க வேண்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ‘செய்முறை கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று அர்த்தம்.

அணியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து நம்பியவள். தன் கோடில் தானே கண்டுபிடித்த பிழைகளையும் பட்டியலில் ஏற்றிவிடுவாள். அடுத்தவர் கண்ணில் படும் முன்பே திருத்தியதைக்கூட, எதனால் வந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதிவைப்பாள். இயல்பாகவே அந்தக் காலாண்டில் அணியிலேயே அதிகப் பிழை அவள் பெயரில்தான். வருடாந்திர மதிப்பெண் போடும்போது மேனேஜர் அந்த எக்செல்லைத் திறந்து, அதிலிருந்த எண்ணைப் படித்துக் காட்டி, இருப்பதிலேயே கீழான ரேட்டிங்கைக் கொடுத்தார். ‘நீங்கதானேம்மா ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்க’ என்றாராம்.

அடுத்த காலாண்டில் எங்கள் அணியின் பிழை எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. டீக்கடையில் ஒரு பார்வைப் பரிமாற்றம், அவ்வளவுதான். கண்ட பிழையை ரகசியமாகத் திருத்திக்கொண்டார்கள். ரெவ்யூவுக்கு முன்னாலேயே சீட்டுக்கு வந்து ‘ப்ரோ, இதை மாத்திடு, நான் லாக் பண்ணல’ என்பது நட்பின் இலக்கணம் ஆனது. வரைபடம் அழகாக வந்தது. புள்ளிகள் இரண்டு கோடுகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துப் பாராட்டினார். லெவல் ஃபைவ் வந்தது. வாசலில் பேனர், ஆளுக்கொரு டீ-ஷர்ட், அரைக்கிலோ ஸ்வீட்.

அந்தப் பெண் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள்.

2016 பிப்ரவரி 29 அன்று தொடங்கிய பாலிசிகளுக்கு முடிவுத் தேதி கணக்கிடுவதில் குளறுபடி. ராத்திரி பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் லைனில் நின்று கத்துகிறார். பழைய கோப்புகளைத் துழாவிக்கொண்டிருந்த எனக்கு அவளுடைய ஒரு பதிவு கிடைத்தது. லீப் வருடத்தில் இந்த ஃபங்ஷன் தப்புச் செய்யும், இதே ஃபங்ஷனை வேறு எங்கெல்லாம் அழைக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். தன் பகுதியைத் திருத்தியும் இருந்தாள். மற்ற இடங்களைப் பார்க்கச் சொன்ன பதிவு, மதிப்பீட்டுக்கு முன்னால் நடந்த ‘சுத்தப்படுத்தலில்’ நடவடிக்கை தேவையில்லை என்று மூடப்பட்டிருந்தது. ஐந்தாம் படிக்கான நிபந்தனைகளில் ஒன்று பிழையின் காரணத்தை ஆராய்ந்து களைவது. எங்களிடம் அதற்குத் தனி ஃபோல்டரே இருந்தது.

அந்த வருடம் தசராவுக்குக் குலசை போயிருந்தேன். முத்தாரம்மன் கோயில் தசராவைப் பற்றித் தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, அம்மனுக்குக் கொண்டுவந்து செலுத்துவார்கள். காளி, குறவன் குறத்தி, கரடி, குரங்கு, ராஜா, பிச்சைக்காரன். போலீஸ் வேஷக்காரர் லத்தியோடு கடைக்காரரிடம் கைநீட்டும்போது நிஜமா வேஷமா என்று குழப்பம் வரும். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய சாஃப்ட்வேர் வேஷத்தை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

என் மாமா ஒருவர் வருடக்கணக்காகக் காளி வேஷம் கட்டுகிறார். மற்ற நாளில் கருப்பட்டி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். காளிக்கு விரதம் கடுமை. மாலை போட்டால் 41 நாள் வீட்டில் படுக்கை கிடையாது, குடிலில்தான். தானே பொங்கித் தானே ஒருவேளை சாப்பிடுவார். செட்டில் ஒரு பையன் விரதமே இருக்காமல் காளி வேஷத்துக்கு ஆசைப்பட்டானாம். ‘யாருக்குத் தெரியப் போவுது’ என்று கேட்டிருக்கிறான். மாமா என்னிடம் சொன்னார்: “மருமவனே, சடைமுடி, கிரீடம், அத்தன கையையும் தூக்கிக் கட்டிக்கிட்டு வெயில்ல நாலு ஊரு நடக்கணும். விரதம் இருந்த உடம்பு தாங்கும். இல்லன்னா ரெண்டாவது ஊர்லயே விழுந்துருவான். ஊருக்குத் தெரியாது, சரி. உடம்புக்குத் தெரியும்லா?”

நான் பக்திமான் கிடையாது. ஆனால் இதைக் கேட்டபோது பிப்ரவரி 29 ராத்திரிதான் கண்ணில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிஎம்எம் மரபின் மூதாதைகள் இதைத் தெரிந்தே எச்சரித்திருக்கிறார்கள். கோடைக் கூடி உட்கார்ந்து வாசித்துப் பிழை கண்டுபிடிக்கும் முறையை ஐபிஎம்மில் வகுத்த மைக்கேல் ஃபேகன், 1976 கட்டுரையிலேயே சொல்கிறார்: இந்த எண்களை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். போட்டால் அப்புறம் பிழைகள் வராது, அதாவது மேசைக்கு வராது. ஹம்ஃப்ரியே 1990களில், நிறுவனத்தை விட்டுத் தனி மனிதர் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பொறியாளரும் தன் நேரத்தையும் தன் பிழைகளையும் தானே குறித்துக்கொள்ளும் முறை ஒன்றை உருவாக்கினார். அதில் அவர் விடாப்பிடியாக நின்ற ஒரு விஷயம், அந்தக் குறிப்பேடு எழுதியவருக்கே சொந்தம் என்பது. மேனேஜர் கேட்கக் கூடாது. 2010இல் அவர் காலமானார். சான்றிதழ் வியாபாரம் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, இதை மட்டும் தவிர.

நிஜமான ஐந்தாம் படி எப்படி இருக்கும்? ஹூஸ்டனில் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு மென்பொருள் எழுதிய குழுவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1996இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையின்படி, சுமார் 4,20,000 வரி கொண்ட அந்த நிரலின் கடைசி மூன்று பதிப்புகளில் தலா ஒரே ஒரு பிழை. கடைசி 11 பதிப்புகளிலும் சேர்த்து 17. அந்தக் குழுவில் ராத்திரி பகலாகக் கண்விழிக்கும் மேதைகள் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற, பிள்ளை குட்டி உள்ள ஆட்கள். ஒரு பிழை கிடைத்தால் எழுதியவர் யார் என்று தேட மாட்டார்கள். நம் செய்முறையில் எந்த ஓட்டை வழியாக இது நுழைந்தது, அதே ஓட்டை வழியாக வேறு என்னவெல்லாம் நுழைந்திருக்கும் என்று தேடுவார்கள். எங்கள் கோவில்பட்டிப் பெண் கேட்டதும் அதே கேள்விதான்.

சமயத்தில் எனக்கு நம் கடற்கரையின் பழைய முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். தூத்துக்குடியில் நினைத்தபோதெல்லாம் சங்கூதிக் குளிக்க இறங்கிவிட மாட்டார்கள். முதலில் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார்கள். சிப்பி இளசாக இருந்தால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. பல வருடங்கள் தொடர்ந்து இல்லாமலே போனதும் உண்டு. 1961க்குப் பிறகு அங்கே குளிப்பு நடக்கவேயில்லை. அங்கே அந்தக் கணக்கு நேர்மையாக இருந்தே ஆக வேண்டும். ஏமாற்றினால் கடலில் இறங்கிய முதல் வாரமே குட்டு உடையும். எங்கள் வரைபடத்துக்கு அப்படிக் கடல் எதுவும் இல்லை, பிப்ரவரி 29 வரும்வரை.

ராக்கெட்காரர்களுக்குக் கடல் எப்போதும் எதிரிலேயே இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 முதல் பயணத்திலேயே 40 விநாடிக்குள் சிதறியது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருள் துண்டு ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. ஒன்றரை மாதத்தில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. மென்பொருளைத் தப்பு நிரூபணமாகும்வரை சரியென்று நம்பும் மனப்போக்கையே அது கேள்வி கேட்டது. உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

எஸ்எஸ்எல்வி குறிப்பும் அந்த வகைதான். அதில் யார் பெயரும் இல்லை. குலுக்கலைக் குறைக்கப் பிரிப்பு அமைப்பை மாற்றினார்கள். சென்சாரைப் பழுதென்று முடிவு கட்டும் முன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும்படி தர்க்கத்தை மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வி சரியான பாதைக்குப் போனது. மாணவிகள் திரும்பச் செய்த ஆசாதிசாட்-2 அதில் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகளிடம் யாராவது ரேட்டிங் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஆனால் இதுவும் நிரந்தரச் சொத்து இல்லை போலிருக்கிறது. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. எத்தனையோ முறை நம்பி ஏறிய ராக்கெட். அதன் விரிவான ஆய்வறிக்கை, நான் இதை எழுதும்வரை பொதுவெளிக்கு வரவில்லை. எஸ்எஸ்எல்வி தொழில்நுட்பம் இப்போது எச்ஏஎல் கைக்குப் போகிறது. குலசையிலிருந்து தனியார் ராக்கெட்டுகளும் போகும், அடிக்கடி போகும் என்கிறார்கள். அடிக்கடி போனால் அடிக்கடி தோற்கும். அது இயல்பு. வாடிக்கையாளர், பங்கு விலை, ஒப்பந்த ரகசியம் எல்லாம் உள்ளே வந்த பிறகு, எந்தச் சென்சார் ஏன் திக்குமுக்காடியது என்று யார் எழுதி வெளியிடப் போகிறார்கள்?

போன தடவை ஊருக்குப் போனபோது மாமாவின் பைக்கில் அந்தப் பக்கம் போனேன். பனைகள் நின்ற இடத்தில் நீளமாகச் சுற்றுச்சுவர். மாமா வண்டியை ஓரம்கட்டி, “இது மேல போறது தப்பாப் போச்சுன்னா எதனாலன்னு நமக்குச் சொல்லுவாங்களால?” என்று கேட்டார். முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள் மாமா என்றேன். “நீ அதப் படிச்சியோ?” படித்தேன் என்றேன். “பொறவு என்ன, அடுத்த தடவையும் கேட்டு வாங்கிப் படி” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.